ரியால் இறங்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டவள்

எங்கள் பூந்தமல்லித் தெருவில் பேப்பர் படிக்காமலே நாட்டு நிலவரம் தெரிந்த ஒரே ஆள் அஷ்ரஃபுன்னிசா. தக்காளி என்ன விலை என்று கேட்டால் முழிப்பாள். ரியால் என்ன விலை என்று கேளுங்கள், பைசா சுத்தமாகச் சொல்லுவாள். நான் பக்கத்து வீட்டுக்காரி, பார்வதம். அவளோடு சுவரை மட்டுமல்ல, குழாயடிச் சண்டையையும் பங்கு போட்டவள். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எண்பத்து மூன்றில் அவள் புருஷன் சுலைமான் ஏ.சி. மெக்கானிக்காக ஜித்தாவுக்குப் போனபோது ஒரு சவூதி ரியால் மூன்று ரூபாய்கூடப் பெறாது. வாசலில் டாக்ஸி நிற்கிறது, இவள் அழுகிறாள். "இன்னாத்துக்கு அழுவுறே? ரியாலு ஆறு ரூபா ஆவட்டும், மூட்டையக் கட்டிகினு வந்துடறேன். அப்பால இங்கயே கடை வெச்சுக்கலாம்" என்றார் சுலைமான்.

புறப்படுகிற அவசரத்தில் மனுஷன் ஆயிரம் சொல்லுவான். இவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு மஸ்தான் பாய் அத்தர் கடை வைத்திருந்தார். மகன்கள் இரண்டு பேரும் ரியாத்தில், அதனால் ரேட் அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், இவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "இன்னா பாய், இன்னிக்கு எவ்ளோ?" பத்துப் பைசா ஏறியிருந்தால் தெருவுக்கே சர்க்கரை. என் வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் ஆவடி டாங்க் ஃபாக்டரி ஆள், அரசாங்க விசுவாசி. சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நம்ம ரூபா கவுந்து கெடக்குது, அதுக்கு இந்தம்மா சக்கரை குடுக்குது, நீயும் கைய நீட்டி வாங்கறே" என்பார். சொல்லிவிட்டு அந்தச் சர்க்கரையிலேயே டீ போட்டுக் குடிப்பார்.

சுலைமான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். வந்த முதல் வாரம் அவர் மகள் வஹீதா என் வீட்டில்தான் படுத்துக்கொள்வாள், யாரோ வேற்றாள் வந்திருக்கிறார் என்று. குழந்தை பழகி மடியில் உட்காரும் நேரத்தில் அவர் கிளம்பிவிடுவார்.

தொண்ணூற்றொன்று ஜூலையில் அரசாங்கமே ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரே வாரத்தில் ரியால் ஆறைத் தாண்டி ஏழை எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் இழவு விழுந்த மாதிரி ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் நெய்ச்சோறு மணக்கிறது. "வந்துடுவாரு அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் அஷ்ரஃபுன்னிசா. அறைக்கு வெள்ளைகூட அடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் சுலைமான் மஸ்தான் பாய் வீட்டு டெலிபோனில் கூப்பிடுவார். மூன்று நிமிஷம், அதற்கு மேல் பேசினால் ரியால் தேய்ந்துபோகுமாம். அந்த வெள்ளிக்கிழமையும் பேசினார். "இப்பப் போயி எவனாவது வருவானா? இப்பத்தான் நம்ம சம்பாத்தியத்துக்கு மரியாதை வந்துகீது. எட்டு ஆவட்டும்."

இவள் என் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அப்புறம், "ரியாலு ஏறினா வருவாருன்னு நெனச்சேன் அக்கா. ஏற ஏறத்தான் அவரு அங்க ஒட்டிக்கிறாரு" என்றாள். இத்தனை வருஷமாக எங்கள் தெருவில் ஒரு மண்டைக்கும் இது உறைக்கவில்லை. என்னமோ பெரிய புத்திசாலி என்று திரிந்த எனக்கும்தான்.

அதோடு கட்சி மாறினாள். ரியால் ஐந்துக்கு இறங்கினால் ஒரு பெரிய டேக்சா நிறையப் பிரியாணி ஆக்கிப் போடுவதாக தர்காவில் நேர்ந்துகொண்டாள். இந்தியாவில் ரூபாயை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் அப்போது இரண்டே பேர், நிதி மந்திரியும் இவளும். என் வீட்டுக்காரருக்கு இவள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மஸ்தான் பாய்தான் பதறிப்போனார். "ஏம்மா, உன் துஆ பலிச்சா என் புள்ளைங்க சம்பளம் இன்னாவறது? கொஞ்சம் பாத்துக் கேளு."

துஆ பாதி பலித்தது. எட்டைத் தாண்டிய ரியால், தொண்ணூற்று மூன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, சவாரி கிடைக்காத ஜட்கா மாதிரி நின்றது. எட்டு ஆனால் வருகிறேன் என்றவர் இப்போது பத்து என்றார். தொண்ணூற்றைந்து கடைசியில் அது மறுபடி கிளம்பி ஒன்பதைத் தாண்டியது. போனில் அவர் குஷி பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "பத்து ஆயிடும் பாரு. இன்னும் கொஞ்ச நாளுதான்."

இவள் நிதானமாகச் சொன்னாள். "பத்து இன்னாத்துக்கு? இருவது ஆவட்டும். நீங்க அங்கயே இருங்க. எங்களுக்குப் பழகிப்போச்சு." ரிசீவரை வைத்துவிட்டாள். தந்திரமாகப் பேசினாள் என்று தெருவில் பின்னால் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட. அவள் முகத்தை நான் பார்த்தேன், வெறுத்துப்போய்த்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். மூன்று நிமிஷக் கஞ்சர் ரியாலைத் தண்ணீராக இறைத்தார். இவள் போகவே இல்லை. "குளிக்குது", "தொழுவுது", "தூங்குது" என்று சொல்லிச் சொல்லி அலுத்த மஸ்தான் பாய், கடைசியில் "அது வராது, நீ வா" என்று வைத்துவிட்டார்.

நோன்பு மாதத்தில் சுலைமான் வந்து இறங்கினார். வந்த கொஞ்ச நாளிலேயே ரியால் பத்தைத் தொட்டது. நோன்பு திறக்கிற நேரத்தில் மஸ்தான் பாய் வந்து அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நின்றிருந்தேன். அஷ்ரஃபுன்னிசாவின் கரண்டி அப்படியே நின்றது. இந்த ஆள் மறுபடியும் பெட்டியைத் தூக்கிவிடுவாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏறட்டும் பாய், அதுக்கின்னா இப்போ" என்றார் சுலைமான். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "வர வேணாம்னியே, மெய்யாலுமா?"

"பன்னெண்டு வருஷமா வாங்க வாங்கன்னேன். வந்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அங்க ரியாலு ஏறிகினே போச்சு. இந்த ஊட்ல என் ரேட்டு உழுந்துகினே கீதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"தரையில கெடந்துது" என்றாள். கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "குடிங்க. நாளைக்கு எவ்ளோன்னு பாக்கலாம்."