சோறு போட்டுச் சாப்பிடலாம்

எனக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு வரும். எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடிக்கமாட்டேன், விழுந்தாலும் பரவாயில்லை. காப்பிக்கடை மேசையை என் கையால் டிஷ்யூ போட்டுத் துடைக்காமல் உட்காரமாட்டேன். அடுத்தவர் தலைமுடி ஒன்று என் சட்டையில் ஒட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பொழுதுபோக்கு, ஊரார் தூக்கிப்போட்ட பழைய வாஷிங் மெஷின்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, கழுவி, மறுபடியும் ஓடவைப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சாங்கி விமான நிலையத்தில் என்னோடு கார்கோ அலுவலகத்தில் வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் போனில் மெஷின் படத்தைப் பார்த்துவிட்டு, "சோ க்யூட் அக்கா! அந்தக் காலத்து மேல அவ்ளோ பாசமா?" என்பார்கள். பாசமாவது மண்ணாவது! அடித்தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்று பார்க்கட்டும், க்யூட்டா இல்லையா என்று அப்புறம் பேசலாம். அந்தக் கால மெஷினுக்கு இரண்டு தொட்டிகள். ஒன்று துவைக்க, ஒன்று பிழிய. துவைக்கும் தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றுவதற்கு ஒரு தட்டு இருக்கும். அதைப் பிடித்திருக்கும் திருகாணி துருவேறி நகராது. எண்ணெய் விட்டு, கெஞ்சி, திட்டி, ஒருவழியாகத் தட்டைத் தூக்கினால், அடியில் இருக்கிறது பாருங்கள், கருப்பாக, கொழகொழவென்று! எத்தனையோ வருஷத்துச் சோப்பு, வியர்வை, தலைமுடி எல்லாம் சேர்ந்து ஊறி, மாசக்கணக்காகத் தண்ணீர் மாற்றாத மீன்தொட்டி மாதிரி நாறும். அதற்குள் ஒட்டுப்பொட்டு கிடக்கும், கால் நகம் கிடக்கும், யாரோ காயத்துக்குப் போட்ட பிளாஸ்டர் கிடக்கும். ஒருமுறை பொய்ப்பல் ஒன்று கிடைத்தது. சீ, எழுதும்போதே கை கூசுகிறது.

ஆனால் அதைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கும்போது, கருப்புக்கு அடியிலிருந்து தொட்டியின் வெள்ளை எட்டிப்பார்க்கும் ஒரு கணம் உண்டு. பருவைக் கிள்ளி எடுத்தால் ஒரு நிம்மதி வருமே, அது மாதிரி. அருவருப்பே இல்லாதவர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்காது. அப்புறம் தண்ணீரை நிரப்பி, டைமர் குமிழைத் திருகினால் கிர்ர்ர் என்று ஓட ஆரம்பிக்கும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்கலாம். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் இப்படிச் சுற்றி அப்படித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் காதில் விழாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான். என் வீட்டுக்காரர். அவருக்கும் அருவருப்பு உண்டு, ஆனால் அவருடையது ஓடுகிற சாதி. ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், என் மெஷின் பக்கம் வரவே மாட்டார். அவர் துணி மட்டும் கடையில் வாங்கிய புது மெஷினுக்குப் போகும்.

"யார் யாரோட உள்ளாடையோ ஊறின தொட்டி. என் சட்டையை மட்டும் அதுல போட்டே, நான் வேற வீடு பார்த்துக்குவேன்" என்பார்.

எவ்வளவு தேய்த்தாலும் இதே பேச்சுதான். எனக்குச் சுருக்கென்று இருக்கும். என்னைவிடச் சுத்தம் பார்ப்பவள் இந்த ப்ளாக்கில் உண்டா? அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒருதரம் 'சுத்தம்' என்ற வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமானதிலிருந்து நான் அவரிடம் பட்டும் கேட்டதில்லை, பவுனும் கேட்டதில்லை.

அவருடைய தம்பி, என் கொழுந்தன், குவீன்ஸ்டவுனில் இருக்கிறார். தங்கமான பிள்ளை. யோசிக்கிற பழக்கம் மட்டும் கிடையாது. ஒருநாள் போன் போட்டார்.

"அண்ணி, எங்க ப்ளாக்ல ஒரு ஆன்ட்டி வீடு மாறிப் போறாங்க. ரெட்டைத் தொட்டி மெஷின் ஒண்ணு காரிடார்ல கிடக்கு. இளம்பச்சை கலர். சும்மா எடுத்துக்கோன்றாங்க. வேணுமாலா?"

"வேணுமான்னு என்ன கேள்வி? எடுத்துட்டு வாங்க!"

அவரே வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார், அவரே லிஃப்டில் தள்ளிக்கொண்டு வந்தார். அதனாலோ என்னவோ அந்த மெஷினில் தனக்கும் பாதி உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டார். நானும் கண்டுகொள்ளவில்லை. உள்ளே கரப்பான் குடும்பமே இருந்தது. முட்டைகளைக் கரண்டியால் சுரண்டினேன். அந்தக் கரண்டியையும் தூக்கி எறிந்தேன். லீவு நாளெல்லாம் அதிலேயே போனது. ஒரு வாரம் முழுக்க மூக்கில் அந்த வாடைதான்.

தீபாவளி நெருங்கும்போது தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டு, 'சோறு போட்டுச் சாப்பிடலாம்!' என்று எழுதினேன். சுத்தத்துக்கு நாம் எல்லோரும் சொல்வதுதானே? கொழுந்தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார். வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சரி, தீபாவளிக்குக் கோயிலுக்குக் கட்டிட்டுப் போற வேட்டியை இதுல போடு. பார்ப்போம்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கடைசிக் கடைசியாக ஒரு கழுவல் இருக்கட்டும் என்று கொதிக்கும் வெந்நீரில் சலவைச் சோடாவை அள்ளிப்போட்டு ஓடவிட்டேன். தண்ணீரை வெளியேற்றி, அலசி, மறுபடி அலசி மூடி வைத்தேன். மறுநாள் எனக்கு அரைநாள் வேலைதான். வந்ததும் வேட்டியைப் போடுவதாகத் திட்டம்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே, செருப்பு அலமாரி பக்கத்தில், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"உள்ள போகாதே" என்றார்.

"ஏங்க, என்னாச்சு?"

"உன் கொழுந்தனைப் போய்க் கேளு."

வருஷா வருஷம் தீபாவளிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கொழுந்தன் முதல்நாளே வந்து ஆட்டுக்குடல் குழம்பு வைப்பார், அது அவருடைய பெருமை. சமையலறைக்குள் காலை வைத்தேன். அந்த வாடை இருக்கிறதே, ஆட்டுக்கொட்டகையையும் அடுப்படியையும் ஒன்றாகக் கலந்த வாடை. பின்னால் என் பச்சை மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் என் ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப்பார்த்தேன். முதலில் தேங்காய்ப்பூத் துண்டுதான் சுற்றுகிறது என்று நினைத்தேன். துண்டுக்கு ஏது கொழுப்பு?

"என்ன தம்பி இது?"

"குடல் அண்ணி! கையால கழுவினா முதுகு விட்டுப்போயிடும்லா. இது பாருங்க, சும்மா ஜம்முனு கழுவுது."

"அடப்பாவி மனுஷா! துணி துவைக்கிற மெஷின்ல குடலைப் போடுவாங்களா?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க, சோறு போட்டுச் சாப்பிடலாம்னு? குரூப்லயே போட்டீங்களே. சோறே போடலாம்னா குடலைப் போடக்கூடாதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் வாடை உள்ளே போகிறது.

"ஆனா பாருங்க, எவ்ளோ அழுக்கு எடுக்குது. ரத்தமா கொட்டுது!" என்று பெருமையாகக் காட்டினார்.

தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று உறைத்தது. தேக்கா மார்க்கெட்டில் கழுவி வெளுத்துக் கொடுக்கும் குடலில் இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வரும்?

"மஞ்சள் போட்டீங்களா?"

"மஞ்சள் போடாம யாராச்சும் குடல் கழுவுவாங்களா அண்ணி? ஒரு கை அள்ளிப் போட்டேன்."

அது ரத்தம் இல்லை. ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதே சிவப்பு. குழம்புக் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டாலும் அப்படித்தான் சிவக்கும். சலவைச் சோடாவுக்கும் அதே குணம். அலசி அலசி ஊற்றினேனே, அந்தச் சோடா போகவே இல்லை. தட்டுக்கு அடியில் எங்கேயோ பதுங்கி இருந்திருக்கிறது. குடல் அதையும் குடித்துவிட்டது.

வாசலிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "என்னது, ரத்தமா?"

ரத்தம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பழி முழுக்கக் கொழுந்தன் தலையில் விழும், என் தொட்டி சுத்தமான தொட்டியாகவே நிற்கும். கழுவிவிட்டு இன்னொரு நாள் வேட்டியைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குடல் நாளைக்குப் பந்திக்கு வரும். சின்னப் பிள்ளைகளெல்லாம் வந்து உட்காரும். சோடாவில் ஊறிய குடல்!

"ரத்தம் இல்லைங்க. சோடா. நான் போட்ட சோடா, சரியா அலசலை" என்றேன்.

கொழுந்தன் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ அண்ணி, காலையில வரிசையில நின்னு வாங்கினேனே!" என்றார். வாங்கினது அத்தனையும் இரட்டைப் பை போட்டுக் குப்பைக்குப் போனது. வீட்டுக்காரர் கிண்டல் செய்யவில்லை. "அப்ப எவ்வளவு அலசியும் உள்ளயே இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். கிண்டல் செய்திருந்தால் திருப்பி ஏதாவது கேட்டிருப்பேன். வேட்டியைப் புது மெஷினில் போட்டார்.

மறுநாள் கோழிக்குழம்புதான். கொழுந்தன் கதையை ஒவ்வொருவரிடமும் நடித்துக் காட்டினார். வந்த சனமெல்லாம் தட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டி, "இதுல சோறு போட்டுச் சாப்பிடலாமா?" என்று என்னைக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன்.

அதற்கப்புறம் நான் அந்த மெஷினுக்குள் பார்த்ததையெல்லாம் முழுசாகச் சொல்லமாட்டேன். தண்ணீர் போகும் குழாயில் கொழுப்பு உறைந்து மெழுகாக நின்றது. விரலை விட்டு நோண்டினேன். அடித்தட்டுக்குக் கீழே ஒரு துண்டுக் குடல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாசமாய்ப் போக! கரப்பான் முட்டையே தேவலை என்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, தேய்த்து, வெந்நீர் விட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பொருத்தினேன். பிறகு சோடா மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பி ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டு ஓடவிட்டேன். சிவந்தது. கொட்டினேன். மறுபடி பிரித்தேன், மறுபடி தேய்த்தேன். இப்படியே பல தடவை. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் பின்னால் நிற்கிறார். கையில் அந்த வேட்டி.

"சிவக்கலையே?" என்றார்.

"சிவக்கலை."

தண்ணீரை வெளியேற்றி, அலசி, துடைத்தேன். பிறகு அந்த மனுஷன் செய்ததை என்னால் நம்பவே முடியவில்லை. குனிந்தார். தலையைத் தொட்டிக்குள் விட்டு நன்றாக மோந்து பார்த்தார். விரலால் அடித்தட்டைத் தடவி, அந்த விரலைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஒண்ணுமே இல்லை, சுத்தம். உண்மையாவே சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்றார்.

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! சந்தோஷமாக என்னவோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சோறு என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்தக் குடல் கண்முன்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டது, பஞ்சுபோல, செக்கச்செவேல் தண்ணீரில். வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினேன்.

நான் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கிர்ர்ர் என்று டைமர் ஓடும் சத்தம் கேட்டது. வேட்டியை அவரே போட்டுவிட்டிருந்தார். என் துணியை நான் இன்னும் அதில் போடவில்லை.