மாடு நடித்த படம்

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் தான் நடித்திருப்பதாக என் மாமனார் சொல்லிக்கொள்வார். கம்பத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் எடுத்த படம். கடைசிக் காட்சியில் கதாநாயகி கோபித்துக்கொண்டு தன்னந்தனியாக மாட்டு வண்டி ஓட்டி ஊரைவிட்டுப் போவாள். வண்டிக் காளைகள் மாமனாருடையவைதான். ஒன்றுக்குக் கொம்பு மடங்கியிருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். மாமனாரைத்தான் எங்கேயும் காணோம்.

எங்கள் பக்கத்தில், ஊரில் எடுத்த படத்தை யாரும் கதைக்காகப் பார்ப்பதில்லை. அவரவர் தோட்டம், அவரவர் ஆடு, அவரவர் சித்தப்பா எங்கே வருகிறார் என்று தேடத்தான் உட்காருவோம். மாட்டுப் பொங்கல்தோறும் மாமனார் வீட்டில் இந்தத் தேடல் நடக்கும். "மாடு நடிச்சிருக்கு, அப்பா நடிக்கல" என்று என் மனைவி தீர்ப்புச் சொல்வாள். "நடிச்சேன்னா நடிச்சேன்தான்" என்று முறுக்கிக்கொண்டு அவர் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

போன பொங்கலுக்கு என் மகளும் சேர்ந்துகொண்டாள். "தாத்தா பொய் சொல்றாக." அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

அப்புறம் தேனிப் புத்தகக் கண்காட்சியில் அந்தப் படம் உருவான கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்று அகப்பட்டது. படத்தில் வேலை பார்த்த உதவி இயக்குநர் எழுதியது. பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். உருக்கமான மழைக் காட்சியில் பெய்தது கிணற்று மோட்டார் தண்ணீராம். நாயகன் அடிக்கடி தலையைக் கோதுவது ஸ்டைலுக்காக இல்லையாம், விக் நழுவாமல் இருக்கவாம். சின்னமனூர் வருவதற்குள் கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டேன். கதாநாயகிக்குக் காளை என்றால் நடுக்கம். அதனால் மாட்டுக்காரருக்கே சேலை கட்டி, முக்காடு போட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பொங்கலுக்கு அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுப் படத்தைப் போட்டேன். முக்காட்டுக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருந்த அந்தத் தடித்த மணிக்கட்டை எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன்! அந்தக் காட்சிக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்குகிறவன் நான். மாமனாரைப் பார்த்தா அழுதுகொண்டிருந்தேன்?

"ஏன்ப்பா இத்தன வருசமாச் சொல்லல?" என்றாள் மனைவி.

"சேலை கட்டுன கதைய எப்படித்தா சொல்ல? சிரிச்சிருப்பீக."

சிரிக்கத்தான் செய்தோம். அவரும் சிரித்தார். பிறகு நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டு, பேத்தியை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"மாப்ள, இன்னொருக்காப் போடுங்க. எல்லாரும் மாட்டப் பாக்காதீக, என்னையப் பாருங்க."