காக்கா லாம்பு

கண்டியில், கொழும்பு வீதியில், தாஸிம் ஒரு தகரக் கடை வைத்திருந்தார். வாளிக்கு அடி வைப்பார், புனல் செய்வார், லாந்தர் செய்வார். அவர் அடி வைத்த வாளி ஒழுகுகிறதென்று யாரும் திரும்பி வந்ததில்லை. லாந்தர்தான் ஒருமுறை அவரைத் தலைகுனிய வைத்தது.

1931 ஜூன் மாதம், அம்பிட்டியவில் அந்தோனியார் திருநாள். ஊர்வலத்தில் தூக்கிவரும் சுருவத்தின், அதாவது அந்தோனியார் சிலையின், இருபுறமும் பிடித்துப் போவதற்கு அவர் செய்து கொடுத்த லாந்தர்கள் அழகாகத்தான் எரிந்தன. பாதி வழியில் தூறல் விழுந்தது. சூடேறியிருந்த கண்ணாடிகள் ‘டிக், டிக்’ என்று ஒவ்வொன்றாக வெடித்தன. அந்தோனியார் இருட்டில் கோயிலுக்குத் திரும்பினார்.

அடுத்த திருநாள் நெருங்கியபோது, கோயில் காரியங்களைப் பார்த்துவந்த லோரன்ஸ் கடைக்கு வந்தார். வேலையை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றும், இன்னொரு தடவை மட்டும் தாஸிமிடமே கொடுக்கும்படி தான் பேசியிருப்பதாகவும் சொன்னார். இந்தத் தடவையும் வெடித்தால் அதோடு சரி. தடித்த கண்ணாடி போட்டுப் பார்த்ததையும், அது இன்னும் சீக்கிரம் வெடித்ததையும் தாஸிம் மறைக்காமல் சொன்னார்.

லோரன்ஸ் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் பக்கத்து மலையெல்லாம் அவருக்குப் பழக்கம்.

“கண்ணாடிய விடுங்க நானா. தலாத்துஓயாவுக்கு மேல பழைய சுரங்கம் ஒண்ணு சும்மா கெடக்கு. உள்ள பூரா காக்காப்பொன்னு. நெருப்புல காட்டினாலும் வெடிக்காது. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் போறோம்.”

அவர் சொன்னது மைக்காவை. ஏடு ஏடாகப் பிரியும், கண்ணாடிபோல வெளிச்சத்தை விடும். பொன்போல மின்னும், ஆனால் பொன் அல்ல. அதனால்தான் அதற்குக் காக்கையின் பெயர். திரைக்குப் பின்னால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தாஸிமின் மனைவி ஹபீலாவோ கல்முனைக்காரி. கண்டி முஸ்லிம்கள் நானா என்று அழைக்கும் அண்ணனை அவள் ஊரில் காக்கா என்பார்கள். அவளுடைய காக்கா மக்கீன், கண்டிக்கு வந்த புதிதில், அதே சுரங்கத்துக்கு மாட்டு வண்டி ஓட்டியவர்.

அன்று பின்னேரமே அவள் காக்காவின் வீட்டுக்குப் போய்விட்டாள். அவருடைய பொன்னை மற்றவர்கள் எடுக்கப் போகிறார்கள், அவரும் கூடப்போய் நிற்க வேண்டும் என்றாள். தனக்குப் பொன் இருந்ததாக மக்கீனுக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் இல்லையென்று சொல்லிவிட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இறங்கி மூவரும் தேயிலைக்கு நடுவே ஏறினார்கள். மக்கீனின் தோளில் ஒரு சாக்கு. எதற்கென்று கேட்டதற்கு, குந்துவதற்கு என்றார். சுரங்க வாயைப் பன்னச் செடிகள் அடர்ந்து மூடியிருந்தன. விலக்கிவிட்டுத் தாஸிம் லாந்தரை உயர்த்தியதும் சுவரெல்லாம் மினுங்கியது. ஆனால் கத்தியால் நெம்பி எடுத்ததெல்லாம் நகமளவுத் தூள். லாந்தருக்கு உள்ளங்கை அகலமாவது வேண்டும். வளைவுவரை போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் தூள்தான். திரும்பலாம் என்றார் லோரன்ஸ். தாஸிம் கத்தியை இடுப்பில் செருகினார்.

மக்கீன் சாக்கை விரித்துக் குந்திவிட்டார்.

“என்ட பொன்னு எது? அதக் காட்டுங்க, மறுகா போவம்.”

யாருக்கும் விளங்கவில்லை. கேட்கக் கேட்க ஹபீலாவின் கதை வெளியே வந்தது. லோரன்ஸ் சிரித்துச் சிரித்து ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

“மச்சான்,” என்றார் தாஸிம், “அது பறக்கிற காக்கா.”

மக்கீனுக்கு வெட்கம். தான் வண்டியில் ஏற்றியதை அவர் மைக்கா என்று மட்டுமே அறிந்திருந்தார். வெறும் சாக்கோடு தங்கச்சி முகத்தில் விழிக்க முடியாது. அப்போதுதான் அவருக்குத் தன் கடைசி நடை நினைவு வந்தது. அன்று மழைச் சேற்றில் மாடு நகர மறுத்ததால், ஏற்றிய பாரத்தை இறக்கிப் பக்கத்துப் பொந்து ஒன்றில் அடுக்கினார்கள். அடுத்த கிழமை சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

அந்தப் பொந்து சுரங்க வாயின் ஓரத்திலேயே இருந்தது. பன்னத்தை இன்னும் கொஞ்சம் விலக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே, நனைந்த புத்தகங்கள்போல, கட்டி கட்டியாக மைக்கா. தாஸிம் ஒன்றை எடுத்துக் கத்தி நுனியை விட்டார். தேன் நிறத்தில் அகலமான ஓர் ஏடு பிரிந்து வந்தது. அதைச் சுடரில் பிடித்துச் சூடேற்றி, பன்னத்திலிருந்து சொட்டிய தண்ணீரில் நீட்டினார். சத்தமே இல்லை. சாக்கு நிறைந்தது.

அந்த வருடத் திருநாளுக்கு வந்தது தூறல் அல்ல, நல்ல மழை. தாஸிம் காதைத் தீட்டிக்கொண்டு சுருவத்தோடு நடந்தார். ஒரு ‘டிக்’கூடக் கேட்கவில்லை. தேன் வெளிச்சத்தில் அந்தோனியார் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். லோரன்ஸ் அங்கேயே அடுத்த வருடத்துக்கும் சொல்லிவைத்தார்.

கதை பரவி, அந்த லாந்தருக்குக் கண்டியில் ‘காக்கா லாம்பு’ என்றே பெயர் நிலைத்தது. அது தன் பெயர்தான் என்று மக்கீன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். தாஸிம் மறுக்கவில்லை. ஹபீலாவுக்கு மைக்காவைப் பற்றி விளங்கப்படுத்த மட்டும் ஒருமுறை முயன்றார்.

“சும்மா இரிங்க,” என்றாள் அவள். “காக்கா இல்லாட்டி அது கிடைச்சிருக்குமா? அப்ப அது காக்காட பொன்னுதானே.”