கலரியில் நித்திரை கூடாது

வவுணதீவுத் தேநீர்க்கடையில் நேற்று யாரோ கைபேசியில் பாராளுமன்ற நேரலையைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரே கூச்சல். மாட்டுச் சந்தைகூட இதைவிட ஒழுங்காக நடக்கும். பிளேன்டீயை ஊதிக் குடிக்கும்போது எனக்குப் பொன்னம்மாக்காவின் நினைவு வந்தது.

அப்போது நான் குடியியல் படிப்பித்த இளம் வாத்தியார். சட்டம் ஆக்குவது, வரிப்பணத்தைக் காப்பது, அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது என்று சபையின் கடமைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். வெள்ளைக்காரத் தேசாதிபதி தனக்குத் தலையாட்ட ஆள் பிடித்து உட்கார வைத்ததில்தான் அந்தச் சபை தொடங்கியது. பிற்பாடு எல்லாருக்கும் வாக்குக் கிடைத்தது. தலையாட்டிகளை நாமே தெரிவுசெய்யும் உரிமையும் வந்தது. (இதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.)

என் வகுப்பில் படித்த பிள்ளையின் தாய்தான் பொன்னம்மாக்கா. முந்தின மாரியில் அவருடைய புருசனை வயலில் வைத்து ஆனை அடித்துக் கொன்றிருந்தது. அதன்பிறகு மரத்தில் கட்டிய பரணில் அவரே காவல் இருந்தார். வயல் வட்டையைச் சுற்றி ஆனைக்கு மின்சார வேலி கேட்டுப் போனபோது, "சபையில கேள்வி போட்டிருக்கன், வந்து கண்ணால பாருங்க" என்றார் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர். பாராளுமன்றம் பார்க்கும் பாடசாலைச் சுற்றுலாவும் அந்தக் கேள்வி வரும் நாளுக்கே அமைந்தது. அக்காவும் ஏறிவிட்டார்.

விடிய விடிய பஸ். சுற்றிவரத் தண்ணீர், நடுவில் கட்டிடம். "நம்மட வாவி மாதிரித்தான் கிடக்கு சேர்" என்று அவருக்கு ஒரே சந்தோசம். பார்வையாளர் கலரியில் குளிர்காற்றுப் பட்டதும் அக்காவுக்குக் கண் சொருகிவிட்டது. காவலாளி தோளில் தட்டினார். "இங்க நித்திரை கொள்ளக் கூடாது."

கீழே இரண்டு உறுப்பினர்கள் வாயைப் பிளந்தபடி தூங்கினார்கள். "அப்ப அவங்களுக்கு?" என்றார் அக்கா. காவலாளி காது கேளாதவர் மாதிரிப் போய்விட்டார்.

சபாநாயகர் எங்கள் உறுப்பினரின் பெயரைக் கூப்பிட்டார். ஆசனம் காலி. மறுபடி கூப்பிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஒரு தும்மல் போடும் நேரத்தில் வேலியின் கதை முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரம்! வெளியே வந்தால், மனிதர் சிற்றுண்டிச்சாலைப் பக்கமிருந்து பல்லைக் குத்திக்கொண்டு வருகிறார்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

அக்கா நேரே போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பஸ் புறப்பட்ட பிறகுதான் என்னைக் கேட்டார்: "நான் பரணில கண்ணயர்ந்தா ஆனை வரும் சேர். இவங்க நித்திரை கொண்டா என்ன வரும்?"

"எலக்சன் வரும் அக்கா" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் போகத்தோடு அவர் வயலைக் கைவிட்டு, பிள்ளையோடு டவுனுக்குப் போய்விட்டார். கடைக்காரரின் கைபேசியில் நேற்று நம்மவரைத் தேடினேன். இன்றும் அவரே உறுப்பினர்; ஆசனமும் அதேபோலக் காலி. கடையை விட்டு வெளியே வந்தால் அக்காவின் வயல் தெரியும். முழுக்க இலுக்குப் புல். பரண் இருந்த மருத மரத்தையும் ஆனை சாய்த்துவிட்டது. காவல் இருக்க அங்கே இனி ஒன்றும் இல்லை.