கலா தேர்ந்தெடுத்த எடிட்டர்

1. ரயில்வே வேண்டாம் என்ற ஆள்

வெப்சைட்டின் நிறம், எழுத்து, அமைப்பைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட் எழுதும் வேலைக்கு நான் வந்ததே ரயில்வே என்னைக் கழித்துவிட்டதால்தான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மருத்துவப் பரிசோதனையில், புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகம் ஒன்றைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே மண் நிறம் என்பது அன்றுதான் உறுதியானது. புனே பக்கம் ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, "இத வெளிய மூச்சு விடாதடா. வேலையும் கிடைக்காது, பொண்ணும் கிடைக்காது" என்றார். நானும் விடவில்லை.

அப்புறம் புனேயில் வெப்சைட் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். ஸ்டைல்ஷீட்டில் நிறம் என்பது ஆறு எழுத்துக் குறியீடு, அவ்வளவுதான். டிசைனர் தருவதை அப்படியே அடித்தால் போதும். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேடில் எழுதினேன். என்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று கொஞ்சம் திமிர்கூட வந்தது.

2. டெமோ

எடிட்டர் என்பது கோடு, அதாவது புரோகிராம், அடிக்கும் மென்பொருள். ஆளுக்கொரு எடிட்டரில் எழுதியதால் ஒருவர் ஃபைலை இன்னொருவர் திறந்தால் ஒரே குழப்பம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எங்கள் மேனேஜர் தேஷ்பாண்டே கலாவிடம் கொடுத்தார். கலா புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்காரி. ஆபீஸில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ் ஆள். மதியம் சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடுவோம். என்னை டீம் லீடாகப் போடச் சொல்லி மேனேஜரிடம் பேசியதும் அவள்தான்.

ஒவ்வொருவரிடமும் போய்த் தேவையைக் கேட்டாள். என்னிடமும் கேட்டாள்.

"உனக்கு என்ன வேணும், சொல்லு ரவி."

"ஒண்ணும் வேணாம். எனக்கு நோட்பேட் போதும்."

டெமோ நாளில் புது எடிட்டரைப் பெரிய திரையில் காட்டினாள். சரியான வரி பச்சை, தப்பான வரி சிவப்பு. "லீட் ஆகப்போறவன் நீ, தப்பு எங்க இருக்குன்னு நீயே காட்டு" என்று சிரித்தபடி மவுஸை என் கையில் கொடுத்தாள். எனக்கு எல்லா வரியும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ரயில்வே டாக்டரின் புத்தகம் கண்முன் வந்தது.

"கலர் கலரா காட்டினாத்தான் கோடு எழுத வரும்னா, அவங்க இந்த வேலைக்கே வரக்கூடாது" என்றேன், எல்லாருக்கும் புரியும்படி இந்தியில்.

நாலு பேர் சிரித்தார்கள். கலாவின் முகம் செத்துவிட்டது.

சாயங்காலம் கேட் வாசலில் நிறுத்தினாள். "பிடிக்கலன்னா தனியா சொல்லியிருக்கலாமேடா. ஒரு எடிட்டருக்கு இவ்ளோ ஜித்தா, இவ்ளோ பிடிவாதமா? என்னை எதுக்கு எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தின?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நழுவினேன். அப்புறமும் நோட்பேடை விடவில்லை. டீமோடு ஒத்துப்போகாதவன் டீமை எப்படி நடத்துவான் என்று தேஷ்பாண்டே லீட் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார். நியாயம்தான், அது எனக்கு வலிக்கவில்லை. கலா டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனதுதான் வலித்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டு பெங்களூர் போய்விட்டாள். அதன்பின் பேச்சில்லை.

3. பாணேர்

பல வருடம் கழித்து, புனேயிலேயே பாணேரில் வேறொரு கம்பெனியில் நான் இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் இருந்தேன். டெஸ்ட் எழுத உட்கார்ந்த மராத்தி இளைஞர் ஒருவர், தண்ணீர் கேட்பதுபோல இயல்பாகக் கேட்டார்: "சார், எனக்குச் சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது. எடிட்டர்ல கலரை மாத்திக்கலாமா?"

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது கலா தேர்ந்தெடுத்த அதே எடிட்டர். அவர் செட்டிங்ஸைத் திறந்து சிவப்பை நீலமாக்கினார். தப்பான வரி எனக்கும் பளிச்சென்று தெரிந்தது.

"இந்த வசதி புதுசா?" என்றேன்.

"இல்ல சார், முதல் வெர்ஷன்லேர்ந்தே இருக்கு."

அவருக்கு வேலை கொடுத்தோம். எந்த எடிட்டர் நல்லது என்று இளையவர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். எதுவானாலும் பழகிவிடும். ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என்னிடம் கலா கேட்டாள்.