படம் எடுக்க இரண்டு சேலை

பினாங்கில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று நர்சுகளை வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பார்கள். முள் நின்ற எண்ணை வெள்ளைக்கார மேட்ரன் வாய்விட்டுப் படிப்பாள். சீனப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறி இறங்குவார்கள். எனக்கோ முந்தின நாளே பயம் தொடங்கிவிடும். செருப்பை மட்டுமல்ல, கொண்டை ஊசிகளையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். வந்து ஆறு வருஷமாகியும் இந்தப் பயம் போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் உயிருள்ள ஆளை எடை போடுவதே ஆகாத காரியம். ஞாயிறு தவறாத கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் கண்ணேறு விஷயத்தில் அம்மா அக்கம்பக்கத்தாருக்குச் சளைத்தவள் இல்லை. பதினாறு வயதில் நான் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நிற்பேன். அது அவளுக்குப் பெருமை. நர்சுப் படிப்புக்காக மதுரையில் என்னைப் பரிசோதித்த டாக்டரம்மாவுக்கு அந்தப் பெருமை புரியவில்லை. மாடி ஏறிப் போய்ப் பெயரைச் சொல்லச் சொன்னார். இருபத்திரண்டு படி. பாதிப் பெயர்தான் வந்தது, மீதி இளைப்பில் போயிற்று. உடம்பைக் குறைத்துக்கொண்டு ஜூனில் வா, அப்போதும் இப்படியென்றால் இடமில்லை என்றார். படிப்புப் போனால் கல்யாணம் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.

அப்போது நாற்பது நாள் நோன்புக் காலமான லெந்து தொடங்கியது. காரணம் சொல்லாமல் பட்டினி கிடக்க இதைவிட நல்ல சாக்கு ஏது? நாற்பது நாளும் உபவாசம் என்று அறிவித்தேன். அம்மா கண்கலங்கினாள். போதகர் கோயிலிலேயே என்னை எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்றார்கள். பகலெல்லாம் காய்ந்த பிள்ளை என்று சாயங்காலம் அம்மா சர்க்கரைக் கஞ்சியும் வடையுமாகப் படைப்பாள். பசியில் எதையும் மிச்சம் வைக்கமாட்டேன். மூன்றாவது வாரம் மாமாவைப் பார்க்கிற சாக்கில் ராஜபாளையத்துக்கு ரயிலேறி, அவர் வேலை பார்த்த பஞ்சுக் கிட்டங்கியில் பொதி நிறுக்கும் தராசில் ஏறினேன். மதுரையில் பார்த்த எடைக்கு இரண்டு ராத்தல் கூடியிருந்தது.

பயத்தில் சாயங்காலக் கஞ்சியையும் விட்டேன். பெரிய வெள்ளியன்று ஆராதனை நடுவில் மயங்கி விழுந்தேன். ஆண்டவர் தொட்டுவிட்டார் என்று பெண்கள் என் காலைத் தொட வந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அத்தனையும் சொல்லி அழுதேன். அவள் அடிக்கவில்லை.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்லிருந்தா நான் அளந்து போட்டிருக்க மாட்டனா? இனிமே சோத்து விசயத்துல எங்கிட்டப் பொய் சொல்லாத" என்றாள்.

சத்தியம் செய்து கொடுத்தேன். கை அளவில் அள்ளிப் போட்டே பழகியவள் மறுநாளே ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்று வேளையும் அந்தக் கிண்ணம்தான். வடை ஞாயிற்றுக்கிழமை மட்டும். விடிந்ததும் செண்பகத்தோப்புப் பாதையில் என்னோடு நடப்பாள். எதிரே வருகிறவர்கள் கேட்டால், மகளுக்குக் கொடுத்த மருந்துக்கு நடக்க வேண்டும் என்று சமாளிப்பாள். ஜூனில் இருபத்திரண்டு படியும் ஏறிப் போய், என் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

போன மாதம் அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம் வந்தது. முன்பு அனுப்பிய படத்தில் நான் எலும்பும் தோலுமாக இருக்கிறேனாம். சோறு போடாத ஊரில் இருக்க வேண்டாம், கப்பலேறி வந்துவிடு என்றிருந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை, அளவாகத்தான் சாப்பிடுகிறேன். எழுதினால் நம்பமாட்டாள். சேலைமேல் சேலை சுற்றிக்கொண்டு படம் எடுக்கப் போனேன். சீனப் படக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செஜோக்?" என்றார், குளிர்கிறதா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். பாவம், ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டார். வேர்த்து ஊற்ற ஊற்றச் சிரித்தேன்.

இன்று பதில் வந்திருக்கிறது. "படத்தப் பாத்தேன். இப்பத்தான் எனக்குத் தொண்டையில சோறு எறங்குது." அவள் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்று எழுதவில்லை.

நாளை முதல் தேதி. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொண்டை ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.