எல்லை நரம்பு

காலை ஒன்பது ஐந்துக்குப் பாறசாலைச் சந்தைக்கு முன்னால் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். அதுவரை அந்தப் பயணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எட்டு இருபதுக்கு மார்த்தாண்டத்தில் ஏறியிருந்தோம். உதியன்குளங்கரை வரை பத்து மைல், ஆளுக்கு ஆறணா. அங்கே இறங்கி இரண்டு மைல் நடந்தால் தனுவச்சபுரம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. திருவனந்தபுரத்தில் விலங்கியல் படிக்கும் என் மகள் எஸ்தர் மையால் வரைந்த ஏழு படங்களை அதில் மாட்டுவதாக ஏற்பாடு. தமிழ்த் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம். கிளர்ச்சிக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவளைத் தனியே அனுப்பப் பயந்துதான் நான் கூடப் போனேன்.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சர்வே ஆபீசில் புலப்படங்களை நகல் எடுக்கும் குமாஸ்தா. கூரிய நிப்பைப் பிடிக்கவும் மை சொட்டாமல் கோடு இழுக்கவும் எஸ்தருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஆனால் அவள் வரைவது என் வகைப் படமும் அல்ல, பாடப்புத்தகத்தில் இருப்பதும் அல்ல. நுண்ணோக்கியில் கடுகளவு கண்டதைத் தலையணை உறை அகலத்துக்குப் பெரிதாக்குவாள். நல்லமிளகுக் கொடியின் தண்டை நறுக்கிய வட்டம், சிலந்தியின் கால், தும்பியின் சிறகு. எல்லாம் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும்தான். சில இடங்களில் மையைத் தண்ணீரில் கரைத்துப் படரவிடுவாள். "கொஞ்சம் நிறம் போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். அதற்குமேல் உற்றுப் பார்த்ததில்லை.

எஸ்தர் முன்னால் பெண்கள் இருக்கையில் இருந்தாள். படச்சுருள் என் தலைக்கு மேலே சாமான் தட்டில். குழித்துறைப் பாலம் தாண்டியதும் பக்கத்தில் இருந்த மரச்சீனிக் கிழங்கு வியாபாரி பேச்சுக் கொடுத்தார்.

"சாரே, அது என்ன, பாயா?"

"எனக்க மகளுக்க படமாக்கும்."

"சினிமாவா?"

"இல்ல. பூச்சி, செடி, அதெல்லாம்."

"பூச்சி பாக்கதுக்குத் திருவந்தரத்துல படிக்கணுமா? எனக்க மரச்சீனி விளைக்கு வரச் சொல்லும். வேண்டியமட்டும் காட்டுதேன்." அவரே சிரித்துவிட்டு வெற்றிலை நீட்டினார். களியக்காவிளை வரை இருவரும் மென்றுகொண்டு போனோம்.

பாறசாலையில் ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் ஏறினார்கள். கிளர்ச்சி நோட்டீஸ் தேடுகிறார்கள் என்று யாரோ முணுமுணுத்தார். ஏட்டு என் தலைக்கு மேல் இருந்த சுருளை எடுத்து மேல் தாளை விரித்தார். வளைந்து ஓடும் ஒரு தடித்த கோடு. அதற்குள் நூற்றுக்கணக்கான கட்டங்கள். தொழில் புத்தி, தாலுகாப் படம் என்றுதான் எண்ணினேன். ஓரத்தில் எஸ்தரின் கையெழுத்தில் தமிழில் ஏதோ இருந்தது. ஏட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எ... எல்லை. எல்லையோ? கொள்ளாமே! இது ஆருட?" என்று மெச்சுவதுபோல் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நிங்களுடயா?"

"எனிக்கு அறியில்லா" என்றேன். தெரியாது என்பதை வேண்டுமென்றே மலையாளத்தில் சொன்னேன்.

மரச்சீனி வியாபாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த தன் முழங்காலை நகர்த்திக்கொண்டார்.

"அது எனக்கதாக்கும்" என்று முன்னால் எஸ்தர் எழுந்தாள். "தும்பிக்க செறகு. எல்லை நரம்புன்னு எழுதியிருக்கேன், முழுசா வாசியுங்க. செறகுக்க முன்னோரத்துல ஓடுத நரம்பு."

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு. கூட ஆரு உண்டு?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆரும் இல்ல" என்றாள்.

அவளை இறக்கினார்கள். கண்டக்டர் மணி அடித்தார். பஸ் நகர்ந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று நினைத்தேனா, அடிப்பார்கள் என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. சீட்டில் எழுதிய உதியன்குளங்கரையில்தான் இறங்கினேன்.

வந்த சாலையிலேயே இரண்டு மைலுக்குமேல் திரும்ப நடந்தேன். பாறசாலை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சாயாக்கடையை அடைந்தபோது பத்தரை. சாயா ஓரணா. கேட்காமலே கடைக்காரர் சொன்னார்: "படத்தோட ஒரு கொச்சுப் பொண்ணப் பிடிச்சிட்டு வந்தானுவ. அது நின்னு பாடம் நடத்திச்சு பாத்துக்கிடும், ஏட்டு சிரிச்சிட்டாரு. இப்பந்தான் விட்டாவ. ஒத்தைக்குத் தனுவச்சபுரத்துக்கு நடந்து போவுது." கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இந்தக் காலத்துல பொம்பளப்பிள்ளைய ஒத்தைக்கு விட்ட தகப்பன் எவனாக்கும்?"

"தெரியல்ல" என்று சொல்லிவிட்டுச் சாயாவைக் குடித்தேன். அன்று இரண்டாவது முறை.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தை அடைந்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. வெளியே சன்னலோரம் நின்றேன். ஏழு படங்களையும் மாட்டியிருந்தார்கள். சிறகுப் படத்தின் மூலையில் ஒரு பெருவிரல் அழுக்கு, நடுவில் மடிப்பு. முதல்முறையாக அதை நிதானமாகப் பார்த்தேன். ஒரு கட்டத்திலும் புல எண் இல்லை. என் தொழில்காரனுக்கு அதுவாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். சிறகின் பின்னோரத்தில் ஒரு கிழிசலையும் வரைந்திருந்தாள். அதைத் தொட்டுக் காட்டிப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பின்னோரம் கிழிஞ்ச தும்பி பறக்கதப் பாத்திருக்கியளா? கிழிசல் இந்த நரம்பு வரைக்கும் வரும். இதத் தாண்டாது. அதுனாலதான் அதுக்குப் பறக்க முடியுது."

ஒரு சிறுமி, "வலிக்குமா?" என்று கேட்டாள். எஸ்தர் சற்று யோசித்து, "எனக்குத் தெரியல்ல மக்கா" என்றாள்.

நாலு மணிவரை வாசல் மாமரத்தடியில் இருந்தேன். எதிரே செங்கல் என்ற ஊருக்குப் போகும் சாலையில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். என்ன சொல்வது என்று பல வாக்கியங்களை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். வீட்டில் அவள் அம்மாவுக்குச் சொல்வதற்கும் ஒன்று வேண்டியிருந்தது. அதுவும் கிடைக்கவில்லை.

கடைசியில் எஸ்தர் வந்தாள், சுருளை அணைத்துக்கொண்டு. நான் கை நீட்டினேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள்.

"ஸ்டேஷன்ல உங்க பேரையும் ஆபீசையும் எழுதி எடுத்தாவ அப்பா" என்றாள். "தகப்பன் ஏன் கூட வரல்லன்னு கேட்டாவ. காய்ச்சல்ல கெடக்காருன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளு ஆபீசுக்குப் போவாதிங்க."